மெதுவாக ஒரு முறை, வேகமாக ஒரு முறை

நேயர்களுக்கு வணக்கம்.

பக்கவாதம் வந்த புதிதில் துவண்டு கிடந்த கை, வாரங்கள் போகப் போக முழங்கையில் மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு, மார்போடு ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். காலில் என்றால் பாதம் கீழ்நோக்கி இழுத்து, நடக்கும்போது முன்பாதம் தரையில் உரசும். இந்த இறுக்கத்தை எப்படிச் சோதித்து அளப்பது என்பது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பயிற்சி எடுக்கும் பிசியோதெரபி மாணவர்களுக்கும், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். மடங்கிய கையை நீட்ட முடியாமல் போவதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு. ஒன்று, நரம்பு வழியாக வருவது. மூளையிலிருந்து வரும் கட்டுப்பாடு தளர்ந்துபோனதால், தசையைச் சட்டென்று இழுத்தால் அது எதிர்த்துச் சுருங்கும். இதைத்தான் ஸ்பாஸ்டிசிட்டி என்கிறோம். விறைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். 1980-இல் லான்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் வகுத்த விளக்கத்தின் சாரமே, இழுக்கும் வேகம் கூடக் கூட எதிர்ப்பும் கூடும் என்பதுதான். காரின் சீட் பெல்ட்டை மெதுவாக இழுத்தால் வரும், வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும், அல்லவா? அதே நடத்தை. இரண்டாவது காரணம், தசையும் தசைநாரும் மூட்டைச் சுற்றிய திசுக்களும் அசைவில்லாமல் கிடந்து உண்மையிலேயே குட்டையாகிவிடுவது. இதற்குப் பெயர் கான்ட்ராக்சர். எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் இது விட்டுக்கொடுக்காது.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் பேக்லோஃபென் மாத்திரையும் போட்டுலினம் ஊசியும் முதலாவதைத்தான் தணிக்கும். இரண்டாவதற்கு நீண்ட நேர நீட்டிப்பு, மூட்டை ஒரே நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட், மாவுக்கட்டு, சில சமயம் அறுவை சிகிச்சை என்று வழியே வேறு. ஆகவே எவ்வளவு இறுக்கம் என்பதற்கு முன், எந்த வகை இறுக்கம் என்று சோதனை சொல்லியாக வேண்டும்.

மருத்துவக் குறிப்புகளில் அதிகம் காண்பது ஆஷ்வொர்த் அளவுகோல். 1964-இல் வந்தது, 1987-இல் போஹானனும் ஸ்மித்தும் அதைத் திருத்தி '1 பிளஸ்' என்ற படியைச் சேர்த்தார்கள். பூஜ்யம் என்றால் கூடுதல் இறுக்கம் இல்லை. 1 என்றால் ஒரு சின்னப் பிடிப்பு வந்து விட்டுவிடும், அல்லது அசைவின் கடைசியில் மட்டும் லேசான எதிர்ப்பு. 1 பிளஸ் என்றால் பிடிப்புக்குப் பிறகும் லேசான எதிர்ப்பு தொடரும், ஆனால் மொத்த அசைவில் பாதிக்கும் குறைவான தூரத்தில். 2 என்றால் பெரும்பாலான தூரத்தில் இறுக்கம், இருந்தும் எளிதாக அசைக்கலாம். 3 என்றால் அசைப்பதே சிரமம். 4 என்றால் மூட்டு ஒரே நிலையில் நின்றுவிட்டது.

அசைவு முழுவதையும் சுமார் ஒரு வினாடியில் முடிக்க வேண்டும். அந்த ஒரே வேகம்தான். இதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. ஒரே வேகத்தில் இழுத்தால், கையில் உணர்வது நரம்பின் எதிர்ப்பா, குட்டையான தசையின் எதிர்ப்பா என்று தெரியாது. இன்னொன்று, இவை படிவரிசை; சராசரி போடும் எண்கள் அல்ல. 1 பிளஸை ஒன்றரை என்று எழுதிக் கூட்டிக் கழிக்கும் வழக்கத்தை மாணவர்கள் தயவுசெய்து கைவிடுங்கள்.

எனவே என் வாக்கு டார்டியூ என்ற இன்னொரு சோதனை முறைக்கு. இன்று பெரிதும் பயன்படும் வடிவம் 1999-இல் போய்டும் கிரஹாமும் திருத்தியது. இதில் ஒரே தசையை இரண்டு வேகங்களில் இழுத்து, இரண்டு கோணங்களை அளக்கிறோம்.

முழங்கையை எடுத்துக்கொள்வோம். நோயாளி மல்லாந்து படுக்கட்டும். தலை நேராக நடுவில் இருக்கட்டும். ஒரு பக்கம் திரும்பினாலே கையின் இறுக்கம் மாறக்கூடும். ஐந்து நிமிடம் பேசாமல் ஓய்வாக இருக்கட்டும். உங்கள் ஒரு கை அவருடைய மேற்கையை அசையாமல் பிடிக்க, மறு கை மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கையைப் பிடிக்கட்டும். உள்ளங்கையைப் பற்றி இழுக்காதீர்கள். விரல் மடக்கும் தசைகளும் சேர்ந்து இழுபட்டு, சோதனை கலங்கிவிடும். முழங்கையை முழுக்க மடக்கிய நிலையிலிருந்து, முடிந்தவரை மெதுவாக நீட்டுங்கள். எங்கே நிற்கிறதோ அது ஆர் 2. மறுபடி மடக்கி, இந்த முறை முடிந்தவரை வேகமாக நீட்டுங்கள். 'டக்' என்று எங்கே பிடிக்கிறதோ அது ஆர் 1. கோணத்தை அளக்கும் கருவியான கோனியாமீட்டரின் நடு ஆணி முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில், ஒரு கரம் தோள் முனையை நோக்கி, மறு கரம் கட்டை விரல் பக்க மணிக்கட்டு எலும்பை நோக்கி. ஒருவர் இழுக்க, இன்னொருவர் கோணம் பார்ப்பதே நல்லது. தனியாளாகச் செய்தால், பிடித்த இடத்திலேயே கையை நிறுத்தி வைத்துத்தான் அளக்க வேண்டியிருக்கும். அதற்குள் தசை தளர்ந்து கோணம் நழுவிவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். முழுக்க நீட்டிய கையைப் பூஜ்யம் என்று வைப்போம். ஒருவருக்கு மெதுவாக நீட்டினால் 10 டிகிரி பாக்கி. வேகமாக நீட்டினால் 80 டிகிரியிலேயே பிடிக்கிறது. வித்தியாசம் 70. தசையின் நீளம் ஏறக்குறைய சரியாக இருக்கிறது, தடுப்பது நரம்பின் எதிர்வினை. இவருக்கு ஊசி பலன் தர நல்ல வாய்ப்பு உண்டு. இன்னொருவருக்கு மெதுவாகவே 60-இல் நின்றுவிடுகிறது, வேகமாக என்றால் 65. வித்தியாசம் வெறும் 5. இங்கே ஊசி போட்டுவிட்டு நீளும் என்று காத்திருப்பது வீண். ஆஷ்வொர்த் முறையில் இந்த இருவருக்குமே 3 என்று எழுதிவிட வாய்ப்பிருக்கிறது.

கணுக்காலில் வேறொரு நுட்பம். கெண்டைக்காலின் வெளித்தசை முழங்கால் மூட்டையும் தாண்டிப் போகிறது. உள்ளே இருக்கும் சோலியஸ் என்ற தசை தாண்டுவதில்லை. ஆகவே முழங்காலை நீட்டி ஒரு முறை, மடக்கி ஒரு முறை சோதிக்க வேண்டும். மடக்கியதும் பாதம் நன்றாக மேலே வந்தால் குற்றவாளி வெளித்தசைதான். குதிகாலைக் கெட்டியாகப் பிடித்து, பாதம் வெளிப்பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நடுப்பாதம் வளைந்து, கணுக்கால் மடங்கியதுபோல ஏமாற்றும். வேகமாகத் தள்ளி அப்படியே பிடிக்கும்போது பாதம் துடிக்கத் தொடங்கினால், அந்தத் துடிப்புக்குக் குளோனஸ் என்று பெயர். கடிகாரத்தைப் பாருங்கள். கோணத்தோடு, பிடிப்பின் தன்மைக்கும் டார்டியூ முறையில் ஒரு படி எண் உண்டு: துடிப்பு 10 வினாடிக்குள் அடங்கினால் 3, அடங்காமல் தொடர்ந்தால் 4.

முடிவுகள் ஆளுக்கு ஆள் மாறுவதற்குப் பெரும்பாலும் நோயாளி காரணமல்ல. திரும்பத் திரும்ப இழுத்தால் தசை இளகிவிடும். ஐந்தாறு முறை இழுத்துப் பார்த்துவிட்டு எண் எழுதினால் அது குறைவாகத்தான் இருக்கும். குளிர், வலி, பயம், நிறைந்த சிறுநீர்ப்பை எல்லாம் இறுக்கத்தைக் கூட்டும். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் அளந்ததையும், மாத்திரைக்கு முன்பு அளந்ததையும் ஒப்பிடக் கூடாது. நேரம், கிடந்த நிலை, கடைசி மாத்திரை எப்போது, அளந்தவர் யார் என்ற நான்கையும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். போட்டுலினம் ஊசி சில நாட்களில் வேலை செய்ய ஆரம்பித்து, ஏறத்தாழ 4 வாரத்தில் உச்சத்துக்கு வந்து, 3 மாதம் அளவில் தேயும். அதனால் ஊசிக்கு முன்பும், 4 முதல் 6 வாரத்திலும், 12 வாரத்திலும் அளப்பது பொருத்தம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேகமாக இழுக்கும் சோதனையை நீங்கள் செய்யாதீர்கள், குறிப்பாகத் தோளில். பக்கவாதத் தோள் எளிதில் நழுவும், வலி கண்டுவிடும். உங்களால் சொல்லக்கூடியது வேறு: உள்ளங்கையைத் திறந்து கழுவ முடிகிறதா, நகம் உள்ளே குத்துகிறதா, சட்டைக் கையில் கையை நுழைக்க எத்தனை நிமிடம் ஆகிறது, கொட்டாவி விடும்போதும் நடக்கும்போதும் கை எவ்வளவு மேலே போகிறது. படுக்கையில் தளர்வாக இருக்கும் கை, நாலு அடி நடந்ததும் நெஞ்சு வரை ஏறுவது உண்டு. படுக்கையில் எடுத்த எண் இதைச் சொல்லாது.

சீராக இருந்த இறுக்கம் ஓரிரு நாளில் திடீரென்று ஏறினால், மாத்திரை போதவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம், இறுக்கிக் கட்டிய ஸ்பிளின்ட் பட்டை, தெரியாமல் ஏற்பட்ட எலும்பு முறிவு, காலில் ரத்தக் கட்டு என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

அளந்து முடித்த பிறகும், எல்லா இறுக்கத்தையும் குறைத்தே தீர வேண்டும் என்பதில்லை. பலம் குறைந்த காலில் முழங்காலை நீட்டி நிறுத்தும் விறைப்பை நம்பித்தான் சிலர் எழுந்து நிற்கிறார்கள். அதைத் தளர்த்தினால் எண் அழகாகக் குறையும், ஆள் விழுந்துவிடுவார். தொடையின் முன்தசைக்கு ஊசி எழுதும் முன், அவரை நிற்கவைத்து, நடக்கவைத்துப் பார்த்துவிடுங்கள்.

வணக்கம்.