சட்டை மாறும், கோல் மாறாது: 31 கிளப்புகளுக்கு ஆடிய செபஸ்தியான் அப்ரேயு

[காட்சி: ஊட்டி. காலை ஆறரை மணி. மைதானத்தின் மேல் மூடுபனி. கோல் கம்பத்தில் பாதிதான் தெரிகிறது. பந்து உதைபடும் சத்தம் மட்டும் கேட்கிறது.]

வணக்கம். நான் நின்றுகொண்டிருக்கும் இந்த இடம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். இதே உயரத்தில் இன்னொரு பெரிய ஊர் இருக்கிறது, மெக்சிகோ நகரம். 2002-இல் அந்த ஊரின் குரூஸ் அசூல் கிளப்புக்கு ஆடிய ஒரு நெட்டை மனிதர், ஒரே தொடரில் 19 கோல் அடித்து மெக்சிகோ லீகில் முதலிடம் பிடித்தார். அடுத்த ஆண்டே அவர் உடம்பில் வேறு சட்டை. அதுவும் அதே நகரத்தின் போட்டி அணியான கிளப் அமெரிக்காவின் சட்டை.

அவர் பெயர் செபஸ்தியான் அப்ரேயு, கோல் அடிப்பதே வேலையான கால்பந்து முன்கள வீரர். உருகுவே நாட்டின் மினாஸ் என்ற ஊரில் 1976-இல் பிறந்தவர். உயரம் 193 சென்டிமீட்டர். 2021-இல், 44 வயதில் ஓய்வு பெற்றபோது அவர் ஆடி முடித்திருந்தது 11 நாடுகளில், 31 கிளப்புகளுக்கு. இடையில் 2017-இல் 26-ஆவது கிளப்பில் சேர்ந்தபோதே கின்னஸ் சாதனை அவர் கைக்கு வந்துவிட்டது.

"ஓர் இடத்திலும் நிலைக்கத் தெரியாதவர்" என்று இப்படிப்பட்டவர்களைப் பற்றிச் சொல்வார்கள். அந்தப் பேச்சு தவறு என்று சொல்லத்தான் இந்த வீடியோ.

[காட்சி: வெறும் திரை. 'ஜர்னிமேன்' என்ற சொல்.]

இந்த வகை ஆட்டக்காரர்களை ஆங்கிலத்தில் 'ஜர்னிமேன்' என்பார்கள். கேட்டதும் பயணம் என்றுதான் தோன்றும். ஆனால் சொல்லின் வேர் பிரெஞ்சு மொழியில் 'ஒரு நாள்', 'ஒரு நாள் வேலை' என்று பொருள்படும் சொல். தொழில் பழகி முடித்து, சொந்தப் பட்டறை வைக்காமல், நாள் கூலிக்குப் போகும் தேர்ந்த கைவினைஞருக்குத்தான் இந்தப் பெயர் இருந்தது. நம் ஊர்க் கொத்தனாரை நினைத்துக்கொள்ளுங்கள். கரணையும் தூக்குக்குண்டும் பையில் இருக்கும். எங்கே வீடு எழும்புகிறதோ அங்கே போவார். வீடு முடிந்ததும் அடுத்த ஊர். அவரை யாரும் நிலையில்லாதவர் என்று சொல்வதில்லை. சுவர் நேராக நிற்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

முன்கள வீரரின் தொழிலும் இப்படிப் பையில் போட்டு எடுத்துப்போகக் கூடியது. தடுப்பாட்டக்காரர் பக்கத்தில் நிற்பவரோடு மாதக்கணக்கில் பழக வேண்டும். யார் முன்னே ஏறுவது, யார் பின்னே நிற்பது என்று கண்ணாலேயே பேசிக்கொள்ளும் அளவுக்கு ஒட்டு வர வேண்டும். முன்கள வீரருக்கும் பழக்கம் தேவைதான், ஆனாலும் அவர் குறி வைக்கும் இடம் எந்த நாட்டிலும் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அவர் வேலையை அளப்பதும் எளிது. எத்தனை கோல் என்று ஒரே ஓர் எண் போதும். அணி தடுமாறும்போது நிர்வாகிகள் முதலில் தேடுவதும் அந்த எண்ணைத்தான்.

[காட்சி: தென் அமெரிக்க வரைபடம். ஊர்களை இணைத்துக் கோடுகள் ஓடுகின்றன.]

ஆனால் 31 கிளப் என்பது அந்த ஒரு காரணத்தால் மட்டும் வரவில்லை. 1998-இல் ஸ்பெயினின் டெபோர்டிவோ லா கொருன்யா அவரை வாங்கியது. அங்கே அவருக்கு இடம் அமையவில்லை. கிளப் அவரை விட்டுவிடவும் இல்லை. ஒப்பந்தத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் மெக்சிகோவுக்கும் சொந்த உருகுவேக்கும் 'லோன்' முறையில் அனுப்பிக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் ஒருவர், குடியிருப்பவர் வேறொருவர் என்பது போன்ற ஏற்பாடு. முதலில் சொன்ன அந்த 19 கோலும் அப்படி இரவல் போன காலத்தில் அடித்ததுதான்.

இன்னொரு காரணம் நாள்காட்டியில் இருக்கிறது. மெக்சிகோவில் ஓர் ஆண்டுக்கு ஒரு சாம்பியன் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தொடர், ஆண்டுக்கு இரண்டு சாம்பியன்கள். லத்தீன் அமெரிக்காவின் பல லீகுகள் இந்த முறையைப் பின்பற்றியிருக்கின்றன. தொடரே ஆறு மாதம் என்றால் ஒப்பந்தமும் ஆறு மாதத்துக்குச் சுருங்கிவிடும். ஆறு மாதத்தில் கோல் வந்தால் பெரிய கிளப் கூப்பிடும், வராவிட்டால் சின்ன கிளப்புக்குப் போக வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் பெட்டி கட்டியாக வேண்டும்.

2005-06 பருவத்தில் மெக்சிகோவின் டொராடோஸ் என்ற சிறு கிளப்பில் அவர் இருந்தார். கோல் பட்டியலின் உச்சியில் அவர் பெயர். கிளப்போ அந்தப் பருவ முடிவில் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. அப்போது அங்கே இறங்குவதைத் தீர்மானித்தது ஓர் ஆண்டின் புள்ளி இல்லை, மூன்று ஆண்டுகளின் சராசரி. அவர் வருவதற்கு முன் மற்றவர்கள் இழந்த புள்ளிகளை அவர் கோல்களால் ஈடுகட்ட முடியவில்லை. அந்த அணியில் அவரோடு ஆடிய இன்னொருவர், தன் ஆட்ட வாழ்வின் கடைசி மாதங்களில் இருந்த, பின்னாளில் பயிற்சியாளராகப் புகழ் பெற்ற பெப் குவார்டியோலா.

போன இடங்களில் பெரும்பாலும் அவர் கேட்டு வாங்கியது 13 என்ற எண்ணை.

[காட்சி: ஜோகன்னஸ்பர்க், 2010 ஜூலை 2. பெனால்டி இடத்தில் வைக்கப்பட்ட பந்து, மிக நெருக்கத்தில்.]

இப்போது கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். உலகக் கோப்பைக் காலிறுதி, உருகுவேயும் கானாவும். ஆட்டம் 1-1. கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் கோலுக்குள் போக இருந்த பந்தை லூயிஸ் சுவாரெஸ் கையால் தடுத்து வெளியேற்றப்படுகிறார். கானாவின் அசமோவா கியான் அடித்த பெனால்டி மேல் கம்பத்தில் பட்டுப் போகிறது. பெனால்டி ஷூட்-அவுட். உருகுவேயின் ஐந்தாவது ஆளாக வருகிறார் மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த அப்ரேயு. இது உள்ளே போனால் 1970-க்குப் பிறகு முதல் முறையாக உருகுவே அரையிறுதிக்குப் போகும்.

வேகமாக ஓடி வருகிறார். கோல்கீப்பர் ரிச்சர்ட் கிங்சன் ஒரு பக்கம் பாய்கிறார். கால் பந்தைத் தொடும் நேரத்தில் அந்த வேகம் எங்கோ காணாமல் போகிறது. பந்தின் அடியில் நுனிக்காலால் ஒரு சிறு தட்டு. காலியாகக் கிடந்த நடுவில், தாலாட்டுவது போல மெதுவாகப் பந்து போய் விழுகிறது. அதற்குப் பனென்கா என்று பெயர். 1976 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவின் அன்டோனின் பனென்கா முதலில் காட்டிய வித்தை. அப்ரேயு பிறந்ததும் அதே ஆண்டு.

அவருக்கு 'கிறுக்கன்' என்பது பட்டப்பெயர். இந்த உதையைப் பார்த்தவர்கள் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் பிரேசிலின் பொட்டாஃபோகோ கிளப்புக்காக, ஃபிளமெங்கோவுக்கு எதிரான ரியோ மாநிலத் தொடரின் தீர்மானமான ஆட்டத்திலும் இதே உதையை உதைத்திருந்தார். ஊர் ஊராகப் போய், எத்தனையோ கோல்கீப்பர்கள் எந்தக் கணத்தில் சாய்கிறார்கள் என்று கண்ணால் கற்றவர் செய்த துணிச்சல் அது.

[காட்சி: சென்னை, நேரு ஸ்டேடியம். நீல நிறக் கொடிகள்.]

நம் பக்கமும் இப்படிப்பட்டவர்கள் வந்துபோயிருக்கிறார்கள். 2019-20 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தொடரில் 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வென்ற சென்னையின் எஃப்சியின் நெரியுஸ் வால்ஸ்கிஸ், லித்துவேனியாக்காரர். அடுத்த பருவமே ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார், பிறகு சென்னைக்கே திரும்பினார். சென்னையில் அவரை ஆட வைத்த பயிற்சியாளர் ஓவன் கோய்ல். அவரும் தன் காலத்தில் டம்பார்டன், கிளைட்பேங்க், ஏர்ட்ரி, போல்டன், டண்டீ யுனைடெட், மதர்வெல், டன்ஃபெர்ம்லின் என்று கிளப் கிளப்பாகப் போன முன்கள வீரர்தான். பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்த சென்னை அணியைப் பருவத்தின் நடுவில் வந்து ஏற்று, இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார்.

[காட்சி: கூடலூர் பேருந்து நிலையம். மழை விட்ட பிறகு. ஒரு பையின் ஜிப் திறக்கப்படுகிறது.]

ஊட்டியிலிருந்து கீழிறங்கி கூடலூருக்கு வந்திருக்கிறேன். இங்கிருந்து நாடுகாணி வழியாக இறங்கினால் நிலம்பூர், மலப்புறம். அங்கே பருவம் தொடங்கினால் 'செவன்ஸ்' ஆட்டம். அணிக்கு ஏழு பேர், சின்ன மைதானம், சுற்றிலும் தற்காலிகக் கேலரி, இரவு விளக்கு, ஆயிரக்கணக்கில் கூட்டம். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. எஸ்டேட் குடும்பத்தில் பிறந்த ஒரு தம்பி, பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், மூன்று பருவங்களாக இப்படிப் போய் ஆடிவருகிறார். ஆறடிக்கு மேல் உயரம்.

அவர் பையைக் கொஞ்சம் பாருங்கள். பூட்ஸுக்குள் பழைய தினத்தந்தி சுருட்டித் திணிக்கப்பட்டிருக்கிறது, ஈரம் இழுக்க. வலது பூட்ஸின் முனையில் ரப்பர் பசை போட்டு ஒட்டிய தழும்பு. முழங்கால் பட்டை ஒன்று. டீத்தூள் பொட்டலம் ஒன்று, அங்கே தங்கவைக்கும் வீட்டுக்காரருக்கு. சட்டை மட்டும் இல்லை.

"இந்த வாரம் எந்த அணிக்குத் தம்பி?"

"தெரியாது அண்ணா. ஒருத்தருக்கு அடிபட்டுவிட்டதாம், வரச் சொன்னார்கள். போனதும் சட்டை கொடுப்பார்கள்."

"எண் ஏதும் கேட்டு வாங்குவீர்களா? அப்ரேயு 13 கேட்பார்."

"நமக்கு அதெல்லாம் இல்லை அண்ணா. இருப்பதிலேயே பெரிய அளவுச் சட்டை எதுவோ, அதில் இருக்கும் எண்தான் எனக்கு."

பஸ் வந்துவிட்டது. பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்.

[காட்சி: பஸ் நாடுகாணிச் சாலையில் திரும்பி மறைகிறது.]