தாவ் ஹுவேக்குள் கண்ணாடிக் குச்சி: மூளைக்கு ஒளி போகும் வழி

[காட்சி: சமையலறை இழுப்பறை. பழைய ரசீதுகள், ரப்பர் பேண்டுகள், நடுவில் ஒரு ஆக்சிமீட்டர்.]

வணக்கம். இது எங்கள் வீட்டு இழுப்பறை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும், அதற்குள் இந்தக் கருவியும் கிடக்கும். 2021இல் தெமாசெக் அறநிறுவனம் சிங்கப்பூரில் வீட்டுக்கு ஒன்று என்று இலவசமாகக் கொடுத்தது. அப்போது காலையும் மாலையும் விரலை நுழைத்துப் பார்த்தோம். அப்புறம் மறந்தே போனோம். பேட்டரி மாற்றிவிட்டேன். இதோ விரல். 98.

ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்காமல் ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று சொல்லிவிட்டதே, எப்படி?

[காட்சி: விரல், நெருக்கமாக. ஒரு பக்கம் சிவப்பு ஒளி.]

உள்ளே இரண்டு குட்டி விளக்குகள் இருக்கின்றன. ஒன்று 660 நானோமீட்டர் சிவப்பு, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பைக் குறைவாகவும் அகச்சிவப்பை அதிகமாகவும் விழுங்கும். ஆக்சிஜன் இறங்கியது நேர்மாறு. மறுபக்கம் எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்று பார்த்தால் கணக்கு வந்துவிடும்.

ஆனால் நடுவில் தோல், சதை, எலும்பு, நகம் எல்லாம் இருக்கின்றன. அவையும் ஒளியை விழுங்குமே? 1970களில் ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அவோயாகி வேறொரு அளவீட்டுக்காக முயன்றுகொண்டிருந்தார். நாடித்துடிப்பு அவருடைய வரைகோட்டை ஓயாமல் குலுக்கியது. அந்த இடைஞ்சலைக் களையப்போன இடத்தில்தான் அவருக்குப் பொறி தட்டியது: எலும்பும் சதையும் துடிக்காது, தமனி ரத்தம் மட்டும்தான் துடிக்கும். ஆகவே துடிக்கிற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். தொந்தரவே தகவலாகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்புக் கதைகளில் இது ஒன்று.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை விழுங்கும். 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது. கறுப்பின நோயாளிகளிடம் இந்தத் தவறு நூற்றுக்கு ஏறத்தாழ 12 முறை, வெள்ளையரிடம் 4 முறை. நம்மில் பலருக்கு மாநிறம், கறுப்பு நிறம். அதனால் எண் நன்றாக இருக்கிறது, ஆனால் மூச்சு வாங்குகிறது என்றால், எண்ணை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

[காட்சி: இருட்டு அறை. கைபேசி டார்ச் மேல் விரல்; விரல் செக்கச்செவேல் என்று ஒளிர்கிறது.]

சரி, விரலுக்கு இப்படிச் செய்கிறோம். தலைக்கு? டார்ச்சை உள்ளங்கையில் வைத்தாலே மறுபக்கம் மங்கிவிடுகிறது. மூளைக்கு முன்னால் மண்டையோடு வேறு. மூளைத் திசுவுக்குள்ளேயே நீல ஒளியை வைத்தாலும் ஓரிரு மில்லிமீட்டருக்குள் பெரும்பகுதி சிதறிக் காணாமல் போய்விடும். ஆழத்துக்கு ஒளி வேண்டுமென்றால் அதைக் குழாயில் தண்ணீர் விடுவதுபோல் கொண்டுபோய் இறக்க வேண்டும்.

அந்தக் குழாய் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

[காட்சி: வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறை. சுவரோரம் வெள்ளைப் பெட்டி, அதிலிருந்து மெல்லிய வெள்ளை வயர்.]

போன தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று சோஃபாவைச் சுவரோடு ஒட்டித் தள்ளினேன். இன்டர்நெட் போய்விட்டது. வந்த டெக்னீஷியன் அண்ணன் சோஃபாவை இழுத்து, பின்னால் நசுங்கி மடிந்து கிடந்த வயரைக் காட்டினார். "தம்பி, இதுக்குள்ள கரன்ட் ஓடல. கண்ணாடி. இப்படி மடக்கினா லைட் வெளியே ஓடிரும்" என்றார். பள்ளிக்கூடத்தில் நாம் ஆங்கிலத்தில் படித்த பாடம்தான். தமிழில் முழு அக எதிரொளிப்பு. கண்ணாடியின் சுவரை உரசுகிற மாதிரிச் சாய்ந்து போகும்வரை ஒளி உள்ளேயே திரும்பித் திரும்பி ஓடும். கூர்மையாக மடக்கினால் கோணம் கெட்டு ஒளி கசியும்.

இழையின் தடிமன் 125 மைக்ரோமீட்டர், தலைமுடியைவிடச் சற்றே பருமன். கண்ணாடி இழையில் ஒளியாகத் தகவல் அனுப்பலாம் என்று 1966இல் இயற்பியலாளர் சார்ல்ஸ் காவ் சொன்னபோது இருந்த கண்ணாடி மகா அழுக்கு. ஒளி ஒரு கிலோமீட்டர் போனபின் நூற்றில் ஒரு பங்கு மிஞ்சினாலே போதும், இது வேலைக்கு ஆகும் என்று அவர் கணக்குப் போட்டார். இன்றைய இழையில் அதே தூரத்துக்கு 95 விழுக்காட்டுக்கு மேல் மிஞ்சுகிறது. அவருக்கு 2009இல் நோபெல் பரிசு கிடைத்தது.

[காட்சி: குளத்துப் பச்சைத் தண்ணீர், நுண்ணோக்கியில் நீந்தும் பாசி.]

இப்போது மூளைக்குள் ஒளி போய் என்ன செய்யும்? நரம்பணுவுக்குக் கண் கிடையாதே. அதற்குக் கண் கொடுத்தது குளத்துப் பாசி. கிளமிடோமோனாஸ் என்ற ஒற்றை அணுப் பாசி, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்து நீந்தும். அதற்கு அது வைத்திருக்கும் புரதத்தின் மேல் நீல ஒளி பட்டால் கதவுபோல் திறந்து மின்னூட்டத் துகள்களை உள்ளே விடும். அந்தப் புரதத்தின் மரபணுவை 2005இல் எட் பாய்டன், கார்ல் டைசராத் குழுவினர் நரம்பணுவில் வைத்தார்கள். ஒளி பட்டதும் நரம்பணு மின்துடிப்பை விட்டது. அப்புறம் எலி. தலைக்குள் இழை, இழையில் நீல ஒளி. விளக்கு எரிந்தால் எலி ஒரே பக்கமாக வட்டமடிக்கும், அணைத்தால் விட்டுவிடும். முதல் தடவை அந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்கு வியப்பைவிடக் கொஞ்சம் பயம்தான் வந்தது.

பாசி ஸ்விட்ச் என்றால், ஜெல்லிமீன் மீட்டர். 1962இல் ஒசாமு ஷிமோமுரா ஜெல்லிமீனிலிருந்து பிரித்தெடுத்த பச்சை ஒளிர்புரதத்தை வெட்டி ஒட்டி, நரம்பணுவுக்குள் கால்சியம் ஏறும்போது பளிச்சிடும் உணரியாக மாற்றியிருக்கிறார்கள். 2018இல் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளுக்கும் இப்படி ஒன்று வந்தது. ஒரே இழைதான். நீலம் உள்ளே போகும், பச்சை வெளியே வரும். விரலில் ஆக்சிமீட்டர் செய்கிற வேலையின் தம்பிதான் இது.

[காட்சி: உணவங்காடி நிலைய மேசை. கிண்ணத்தில் தாவ் ஹுவே, பக்கத்தில் சாத்தே குச்சி.]

இனிதான் சிக்கல். தாவ் ஹுவே, அதாவது மெத்தென்ற சோயாப் பால் இனிப்பு, வாங்கி வந்திருக்கிறேன், கொஞ்சம் சர்க்கரைப் பாகோடு. மூளை ஏறத்தாழ இந்தப் பதம்தான். இதில் சாத்தே குச்சியைக் குத்துகிறேன். நிற்கிறது. இப்போது கிண்ணத்தை மெல்ல ஆட்டுகிறேன். பார்த்தீர்களா? குச்சி அசையவில்லை, தாவ் ஹுவேதான் கிழிந்து குச்சியைச் சுற்றிக் குழி விழுகிறது.

மூளை சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் லேசாக அசைகிறது. கண்ணாடியின் விறைப்பு ஏறத்தாழ 70 கிகா பாஸ்கல், மூளையினுடையது கிலோ பாஸ்கல் கணக்கு. கோடி மடங்கு வித்தியாசம். நாள்பட உரச உரச, மூளையின் காவல் அணுக்கள் இழையைச் சுற்றித் தழும்பு கட்டிவிடும். தழும்பு வந்தால் சமிக்ஞை மங்கும். ஒளியைப் பற்றி நமக்கு நிறையவே தெரியும், தடுமாறுவது பொருளில்தான்.

[காட்சி: ஊர்த் திருவிழா. மூங்கில் கழியில் சவ்வு மிட்டாய்.]

ஊர்த் திருவிழாவில் சவ்வு மிட்டாய்க்காரரைப் பார்த்திருக்கிறீர்களா? கழியில் கொழுத்த உருண்டை, அதில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். அவர் இழுக்கும்போது மிட்டாய் மெலியும், ஆனால் பட்டைகள் கலக்காது, அதே வரிசையில் அவையும் மெலியும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் போலினா அனிகீவாவின் குழு 2015இல் செய்தது கிட்டத்தட்ட இதுதான். விரல் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் தண்டு. அதற்குள் ஒளிக்கு ஒரு பாதை, மின்சாரத்துக்கு ஒரு பாதை, மருந்துக்கு ஒரு வெற்றுக்குழல். சூடாக்கி இழுத்தால் முடி அளவு நூல் வரும், உள்ளே மூன்றும் அப்படியே குட்டியாக இருக்கும். கண்ணாடியைவிட நன்றாக வளையும். இருந்தாலும் மூளையைவிட விறைப்புதான். ஆகவே அடுத்து ஹைட்ரோஜெல் பக்கம் போயிருக்கிறார்கள், தண்ணீர் குடித்து மெத்தென்று ஆகும் பொருள்.

[காட்சி: நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். சுருட்டி வைத்த மெல்லிய நூல்.]

இதே இழுக்கும் வித்தையை நம் ஊரில், ஜூரோங் பக்கம், வேறு விதமாகப் பிடித்தார்கள். நன்யாங் பல்கலைக்கழகத்தின் வெய் லெய்யும் சீன ஆய்வாளர்களும் 2024இல் நேச்சர் இதழில் வெளியிட்டது. கண்ணாடிக் குழாய்க்குள் சிலிக்கானோ ஜெர்மானியமோ போட்டு உருக்கி இழுப்பது பழைய யோசனை. ஆறும்போது கண்ணாடி ஓர் அளவு சுருங்கும், உள்ளே இருப்பது வேறு அளவு சுருங்கும். இரண்டும் மல்லுக்கட்டி உட்பகுதி விரிசல் விட்டுவிடும். இவர்கள் அந்த அழுத்தத்தைக் கணக்குப் போட்டு, பொருந்துகிற ஜோடிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறியபின் கண்ணாடியை நீக்கிவிட்டு, உலோகக் கம்பிகளோடு பாலிமருக்குள் வைத்து இன்னொரு முறை சூடாக்கி இழுத்தார்கள். கிடைத்தது, ஒளி பட்டால் மின்சாரம் காட்டும் நூல். துணியாக நெய்யலாம்.

இது மூளைக்குள் போகிற நூல் கிடையாது, தலைக்கு மேலே இருக்கப்போவது. மாதிரிக்கு அவர்கள் செய்ததில் ஒன்று, பார்வை இல்லாதவர் சாலையைக் கடக்கும்போது கைபேசிச் செயலி வழியாக எச்சரிக்கும் கம்பளித் தொப்பி. நம் வெயிலில் கம்பளித் தொப்பியா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.

[காட்சி: பாரிஸ் தெரு.]

பாசிப் புரதம் மனிதரிடம் வந்துவிட்டதா? வந்துவிட்டது, கண்ணில். கண்ணுக்கு இழை தேவையில்லை, அதுவே ஜன்னல். 2021இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த செய்தி: விழித்திரை நோயால் பல ஆண்டுகளாகப் பார்வை இல்லாத 58 வயது ஆண் ஒருவரின் ஒரு கண்ணில் அத்தகைய புரதத்துக்கான மரபணுவை ஏற்றினார்கள். காட்சியை ஆம்பர் நிற ஒளித்துடிப்பாக மாற்றி விழித்திரையில் வீசும் மூக்குக்கண்ணாடி ஒன்றையும் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் பயிற்சி. எழுத்தைப் படிக்க முடியவில்லை, முகம் தெரியவில்லை. ஆனால் மேசைமேல் இருந்த நோட்டுப் புத்தகத்தைச் சரியாகத் தொட்டார். அதற்கும் முன்பே, அந்தக் கண்ணாடியோடு தெருவில் நடந்தபோது, ஸீப்ரா கிராஸிங்கின் வெள்ளைக் கோடுகள் தெரிவதாக உற்சாகத்தோடு சொல்லியிருக்கிறார்.