மலை ஏறும் செலவு

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கும். அதற்குக் கடைசியாக எப்போது பேட்டரி மாற்றினீர்கள்? யாருக்கும் நினைவிருக்காது. ஒரே ஒரு பென்சில் பேட்டரியில் ஒரு வருஷம் ஓடிவிடுகிறது. அதே பேட்டரியை டார்ச்சில் போட்டு, அணைக்க மறந்து தூங்கிவிட்டால், காலையில் விளக்கு மங்கிப் போயிருக்கும். பேட்டரி ஒன்றுதான், அதைக் குடிக்கிற வேகம்தான் வேறு. இன்று நான் சொல்லப்போவதில் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகு பழைய மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே திட்டுத்திட்டாக மிஞ்சியிருக்கும் சோலைகளில் சின்னச் சின்னப் பெட்டிகளைக் கட்டித் தொங்கவிடுகிறேன். வெயில், ஈரம் எவ்வளவு என்று குறித்துக்கொள்கிற பெட்டி ஒன்று. ராத்திரியில் எந்தத் தவளை கத்துகிறது என்று கேட்டுப் பதிந்துவைக்கிற பெட்டி இன்னொன்று. அங்கே மின்கம்பம் கிடையாது, கைப்பேசிக் கோபுரமும் கிடையாது. பெட்டி தன்னந்தனியாகப் பிழைத்துக்கொள்ள வேண்டும்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "இது என்ன விலை?" என்றுதான். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் என்றால், "அட, பரவாயில்லையே!" என்பார்கள். எனக்கு உள்ளூரச் சிரிப்பு வரும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அதற்கு மேல் எஸ்டேட் ஜீப், அதற்கும் மேல் அட்டைக் கடியோடு ஒரு மணி நேர நடை. ஒரு பேட்டரி செத்தது என்றால் இத்தனையும் மறுபடி. ஆயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு மாதம் ஒரு தடவை மலை ஏறினால் அது மலிவான பெட்டியா? விலையை ரூபாயில் கணக்குப் போடாதீர்கள், எத்தனை தடவை மலை ஏறினோம் என்று போடுங்கள். இதை நான் இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் புத்தி.

சரி, பேட்டரிக்கு வருவோம். இந்தக் கருவிகளுக்குள் இருக்கும் சில்லு முழித்திருக்கும்போது நன்றாகச் சாப்பிடும். தூங்கும்போது அநேகமாகப் பட்டினி. ஒரு பென்சில் பேட்டரியில் சுமார் 2,500 மில்லி ஆம்பியர் மணி சரக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது ஒரு மில்லி ஆம்பியர் வீதம் எடுத்தால் 2,500 மணி நேரம் வரும். சில்லு ஆழ்ந்து தூங்கும்போது எடுப்பது ஒரு மில்லி ஆம்பியரில் நூறில் ஒரு பங்கு. வகுத்துப் பார்த்தால் 28 வருஷம் வரும். அவ்வளவு காலம் பேட்டரியே தாங்காது, அது வேறு விஷயம். கால் மணிக்கு ஒரு தடவை கண் விழித்து, ஈரம் எவ்வளவு என்று எழுதிவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிற கருவி மாதக்கணக்கில் ஓடத்தான் வேண்டும். கருவி செய்வது என்றால் அதைத் தூங்கப் பழக்குவது.

இதை நாங்கள் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லியாக வேண்டும். முதல் வருஷம் ஜூன் தொடக்கத்தில், தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், ஆறு பெட்டி கட்டினோம். அக்டோபரில் மழை விட்டதும் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டம். ஆகஸ்ட் கடைசியில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவர்கள் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தோம். உயிர் இல்லை. அடுத்ததைத் திறந்தோம், அதுவும் அப்படித்தான். ஆறும் ஜூலைக் கடைசியோடு ஒரே வாரத்தில் பேச்சை நிறுத்தியிருந்தன. மழை இறங்கிவிட்டது என்றான் ஒருவன். மெமரி கார்டு மோசம் என்றான் இன்னொருவன். நான் பேட்டரி விற்ற கடைக்காரரைத் திட்டினேன், பாவம் அவர்.

அன்று ராத்திரி எஸ்டேட் லைன் வீட்டில் தங்கல். கரண்ட் போய்விட்டது. கும்மிருட்டு. ஒரு மாணவி மட்டும் விடாமல் புது பேட்டரி போட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "சார், இது தூங்குதுன்னு சொன்னீங்களே, கண்ணை முழிச்சுக்கிட்டுல்ல இருக்கு" என்றாள். பார்த்தால், சில்லைப் பதித்திருக்கும் போர்டின் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு. மின்சாரம் வந்துவிட்டது என்று தெரிவிக்க, போர்டு செய்கிறவர்கள் வைத்து அனுப்புவது. பட்டறை மேசையில் மாதக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை. அந்த விளக்கு எடுப்பது இரண்டு மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்கு 48 மில்லி ஆம்பியர் மணி. ஐம்பது நாளில் பேட்டரி காலி. மூடிய டப்பாவுக்குள், நடுக்காட்டில், பார்க்க ஆளே இல்லாத இடத்தில் ஆறு விளக்குகள் இரவும் பகலும் எரிந்திருக்கின்றன! நாங்கள் இரண்டு மாதம் யாருக்கோ தீபம் ஏற்றியிருக்கிறோம். அந்த விளக்கைச் சாலிடரிங் அயர்னால் பிடுங்கி எடுக்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடித்ததற்கு ஒரு பருவமழையின் பாதிக் கணக்கு போயிற்று. மறுபடி மலை ஏறினோம்.

"சோலார் பலகை வைத்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். மொட்டை மாடியில் வைக்கலாம். சோலைக்குள் உச்சி வெயிலில் நின்றாலும் தரைக்கு வருவது நூற்றில் சில பங்கு வெளிச்சம்தான். சுமத்ராவில் பழைய கைப்பேசிகளை மரத்தில் கட்டி, மரம் வெட்டும் ரம்பச் சத்தத்தைக் கேட்கவைத்தவர்கள் சோலார் பலகையையும் சேர்த்து மர உச்சிக்கே ஏற்றினார்கள். நம் வயதுக்கு மரம் ஏறுவது ஆகிற காரியமா?

அடுத்தது டப்பா. என்னைக் கேட்டால் போர்டைவிட டப்பாதான் பெரிய விஷயம். மழைத் தண்ணீர் ஒரு சொட்டு இறங்கக் கூடாது என்று முதலில் எம்-சீல் வைத்து அப்பினோம். திறந்தால் உள்ளே தண்ணீர்! எப்படி? சூடான இட்லியை டிபன் டப்பாவில் வைத்து மூடினால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்குமே, அதே கதைதான். பகலில் டப்பா சூடாகும், காற்று விரிந்து கண்ணுக்குத் தெரியாத இடுக்கு வழியாக வெளியே போகும். ராத்திரி குளிர்ந்ததும் வெளியே இருக்கிற ஈரக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். டப்பா மூச்சு விடுகிறது நேயர்களே. முழுக்க அடைக்கிறேன் என்று அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அடியில் சின்னத் துளை போட்டு வலைத் துணி ஒட்டுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற அந்த உப்புக்கல் மாதிரியான பொட்டலத்தில் இரண்டு உள்ளே போடுங்கள். போர்டின் மேல் நெயில் பாலிஷ் ஒரு பூச்சு பூசுங்கள், ஈரம் சாலிடரை அரிக்காது. என் வீட்டில் நெயில் பாலிஷ் காணாமல் போனதற்கு இன்றுதான் காரணம் வெளியே வருகிறது.

துளை போட்டோமா, அடுத்த விருந்தாளி வந்தது. பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிற எஸ்டேட் வாட்ச்சர் ஒரு நாள் போன் செய்தார். "வாத்தியாருங்களா, உங்க பொட்டிக்குள்ள எறும்பு குடும்பம் நடத்துதுங்க. முட்டையெல்லாம் வெச்சிருக்குதுங்க." மழைக்காலத்தில் காய்ந்த இடம் சும்மா கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? மருந்து அடிக்கலாம் என்றான் ஒரு பையன். காட்டை அளக்கப் போய்விட்டு அங்கே விஷம் தெளிப்பதா? தீர்வையும் வாட்ச்சரே சொன்னார். சர்க்கரை டப்பாவை வீட்டில் தண்ணீர்த் தட்டில் வைப்பார்கள் அல்லவா, அதுபோலக் கயிற்றில் ஒரு சாண் நீளத்துக்கு ஜீப்புக்குப் போடும் கிரீஸைத் தடவச் சொன்னார். அதன் பிறகு எறும்புத் தொல்லை அநேகமாக இல்லை. யானை பிடுங்கி மிதித்த இரண்டு பெட்டிக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை.

ஒலிப் பெட்டி பற்றிச் சொல்கிறேன். ஆடியோமாத் என்று ஒரு கருவி இருக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, மூன்று பென்சில் பேட்டரி. இங்கிலாந்தில் சௌதாம்ப்டன், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக இளைஞர்கள் செய்தது. வரைபடத்தையும் மென்பொருளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்துவிட்டார்கள். அந்த முயற்சிக்குத் தூண்டுதல் ஒரு சில்வண்டு. பிரிட்டனுக்கென்று உள்ளது ஒரே சில்வண்டு, அதையும் 1990களுக்குப் பிறகு உறுதியாகப் பார்த்தவர் இல்லை. அதன் சத்தம் அவ்வளவு கீச்சு, நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்குக் கேட்காது. என் காதருகே வந்து கத்தினாலும் நான் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். அதே மாதிரிக் கருவிகள் பெலீஸ் நாட்டுக் காட்டில் வேட்டைத் துப்பாக்கிச் சத்தத்தைப் பிடிக்கவும் போயின.

யானை இதற்கு நேர் எதிர். 1984இல் விலங்குகளின் ஒலியை ஆராய்ந்த கேட்டி பெய்ன் என்ற அம்மையார் ஒரு விலங்குக் காட்சிசாலையில் ஆசிய யானைகளுக்குப் பக்கத்தில் நின்றபோது, காதில் ஒன்றும் கேட்கவில்லை, காற்று மட்டும் துடிப்பதுபோல் உணர்ந்தார். கோயில் திருவிழாவில் பெரிய ஸ்பீக்கர் பக்கம் போனால் நெஞ்சில் அதிருமே, அந்த மாதிரி. நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் அவை பேசிக்கொள்கின்றன என்று அப்படித்தான் தெரியவந்தது.

ஒலியைப் பதிந்தால் கார்டு சீக்கிரம் நிரம்பும். இடைவிடாமல் பதிந்தால் 32 ஜிபி கார்டு நாலு நாள்கூடத் தாங்காது. பத்து நிமிஷத்துக்கு ஒரு நிமிஷம் மட்டும் கேட்டால் ஒரு மாதத்துக்கு மேல் வரும். மறுபடி அதேதான், தூக்கம். தவளை கத்துவதற்கு ராத்திரி முழுக்க இருக்கிறது, பத்தில் ஒரு நிமிஷம் கேட்டால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

"கார்டு எதற்கு, ரேடியோவிலேயே அனுப்பிவிடலாமே" என்பார்கள். லோரா என்று ஒரு ரேடியோ முறை உண்டு, கொஞ்சம் மின்சாரத்தில் சின்னத் தகவலை வெகுதூரம் அனுப்பும். நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம். ஆனால் அது தந்தி மாதிரி. 2013இல் நிறுத்திவிட்டார்களே, அந்தத் தந்தி. "யானை கிழக்கு ஓடை" என்று அனுப்பலாம், தவளைப் பாட்டை அனுப்ப முடியாது. நடுவில் ஒரு மலை முதுகு நின்றால் தந்தியும் போகாது.

யானை என்றதும் சொல்ல வேண்டியது, வால்பாறையில் எனக்கு மிகப் பிடித்த கருவியில் சென்சாரே கிடையாது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவர் குழுவினரும் செய்தது. யானை எங்கே நிற்கிறது என்று பார்த்தவர் தகவல் சொன்னால், குறுஞ்செய்தி போகும், உள்ளூர் கேபிள் டிவியில் எழுத்து ஓடும், கைப்பேசியில் அழைத்தால் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். வேலை முடிந்து வருகிற அம்மா விளக்கைப் பார்த்து வேறு பாதையில் போய்விடுவார். 2015இல் ஆனந்தகுமாருக்கு, காட்டுயிர்ப் பாதுகாப்புக்குக் கொடுக்கிற விட்லி விருது கிடைத்தது. கோவை பக்கம் மதுக்கரையில் ரயில் பாதையோரம் 12 கோபுரம் நிறுத்தி, வெப்பக் கேமராவால் யானையைக் கண்டுபிடிக்கிறார்கள். ரயிலுக்கு அது வேண்டும்தான். தேயிலைக் காட்டுக்கு அந்தச் சிவப்பு விளக்கு போதுமாக இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம் என்று. பதிந்த ஒலியை யார் கேட்பது, கம்ப்யூட்டருக்குத் தவளையை எப்படி அடையாளம் சொல்லிக்கொடுப்பது என்று ஒரு தாள் நிறைய எழுதி வந்தேன். அது போயிற்று. அனுமதி பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். சரணாலயத்துக்குள்ளோ காப்புக்காட்டுக்குள்ளோ வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் கட்டாதீர்கள். தனியார் தோட்டம் என்றால் உரிமையாளரைக் கேளுங்கள். மனிதர் நடக்கும் பாதையோரம் ஒலிப் பெட்டி வைக்காதீர்கள், தவளையைக் கேட்கப் போய் ஊர்க் கதையைப் பதிந்து வந்த அனுபவம் எனக்கு உண்டு.

ஆரம்பிக்க மலைக்குப் போக வேண்டாம். ஊர்க் குளக்கரையில், முதல் மழை ராத்திரியில் ஒரு டப்பாவைத் தொங்கவிடுங்கள். நடந்து போகிற தூரத்தில் எத்தனை தப்பு வேண்டுமானாலும் செய்யலாம். போர்டு வாங்கியதும் அறை விளக்கை ஒரு தடவை அணைத்துப் பாருங்கள். சிவப்பாக ஏதாவது எரிந்தால், பிடுங்கிவிட்டுத்தான் மறு வேலை. வணக்கம்.