சார்ஸ் லெட்டர் வந்துருச்சா? ஆப்ஜெக்‌ஷன் போட்டா மட்டும் பத்தாது | டர்பன் தமிழ்

(ஸ்கிரீன்ல: பழைய பேக்கர்ஸ் பிஸ்கட் டின் ஒண்ணு, மூடி திறக்குது, உள்ள பூரா கசங்குன பில்லுங்க)

வணக்கம் மக்களே. சார்ஸ்னா தென்னாப்பிரிக்காவோட வரி வசூல் ஆபீஸ், அங்கிருந்து லெட்டர் வந்தா என்ன பண்ணணும்னுதான் இன்னிக்கு வீடியோ. இந்த டின் என்னோடது இல்ல, எங்க வீட்டு ஓனர் அங்கிளோடது. டர்பன்ல நம்ம சேட்ஸ்வர்த் ஏரியால இருக்கறவங்களுக்கு தெரியும், இங்க வயசுல மூத்தவங்க எல்லாருமே அங்கிள் ஆன்ட்டிதான். அவர் ரிட்டயர்டு வாத்தியார், வீட்டுக்கு பின்னாடி அவுட்பில்டிங் ஒண்ணு கட்டி வாடகைக்கு விட்டிருக்காரு, அதுல குடியிருக்கறது நான். ஒரு நாள் ராத்திரி கதவ தட்டி, "தம்பி, இந்த கம்ப்யூட்டர கொஞ்சம் பாருப்பா, சார்ஸ்காரன் என்னமோ ஃபைனல்னு எழுதியிருக்கான்"னாரு. போய் சார்ஸோட ஆன்லைன் தளமான ஈஃபைலிங்க திறந்து பாத்தா அதுக்கு முன்னாடியே வந்த மூணு லெட்டர் திறக்காம கெடக்கு. பல வருஷத்துக்கு முன்னாடி அவருக்கு அக்கவுண்ட் பாத்தவரோட ஈமெயில்தான் இன்னும் அதுல இருக்கு, அவர் பாவம் ரிட்டயர் ஆகி கேப் டவுன் போயிட்டாரு, நோட்டிஸ் எல்லாம் அங்க போயிட்டிருந்திருக்கு. அதனால இந்த வீடியோவ பாஸ் பண்ணிட்டு மொதல்ல உங்க ஈமெயில், போன் நம்பர் ரெண்டும் ஈஃபைலிங்ல சரியா இருக்கான்னு பாத்துட்டு வாங்க, ஏன்னா ஈஃபைலிங்ல வந்து விழுந்தாலே உங்களுக்கு வந்து சேந்த மாதிரிதான் கணக்கு, நான் பாக்கலன்னு சொல்றது அங்க எடுபடாது.

(ஸ்கிரீன்ல: நாலு லெட்டர், ஒண்ணு மேல ஒண்ணு)

மொத லெட்டர் வெரிஃபிகேஷன். இதுக்கும் ஆடிட்டுக்கும் வித்தியாசம் இருக்கு. வெரிஃபிகேஷன்னா நீங்க ரிட்டர்ன்ல போட்ட நம்பருக்கு பேப்பர் காட்டுங்கன்னு கேக்கறது, அவ்ளோதான். ஆடிட்னா ஆழமா தோண்டறது, பேங்க் ஸ்டேட்மெண்ட், கணக்கு புக்கு எல்லாம் பாப்பாங்க, மாசக்கணக்குல இழுக்கும், முடிஞ்சதும் என்ன கண்டுபிடிச்சோம்னு ஒரு லெட்டர் வரும், அதுக்கு பதில் சொல்ல உங்களுக்கு 21 வேலை நாள் உண்டு. வெரிஃபிகேஷனுக்கும் பேப்பர் குடுக்க 21 வேலை நாள்தான். அங்கிள் அந்த லெட்டர பாக்கவே இல்ல. அப்ப என்ன ஆகும், பேப்பர் வரலைனா அந்த செலவே நடக்கலன்னு வெச்சு, ரிப்பேர்னு அவர் கழிச்சதெல்லாம் அடிச்சிட்டு புதுசா அசெஸ்மெண்ட் போட்டாங்க. அதான் ரெண்டாவது லெட்டர், எவ்ளோ வரின்னு கணக்கு போட்டு சொல்ற ஐடிஏ34 நோட்டிஸ். மூணாவது, இவ்ளோ பாக்கி இருக்குன்னு. நாலாவதுதான் ஃபைனல் டிமாண்ட், கட்டலன்னா வசூல்ல இறங்குவோம்னு கடைசி எச்சரிக்கை.

அந்த டின்ன கொட்டி மேசைல பரப்பினோம். ஹார்ட்வேர் கடை பில்லுங்க பாதி வெள்ளையா ஆகிப்போச்சு, அந்த வழவழ பேப்பர் வெயில்ல கிடந்தா எழுத்து ஓடிப்போயிடும்ல, அப்பிடி. ஆன்ட்டி டீ போட்டு வெச்சிட்டு ஒவ்வொண்ணா லைட்டுக்கு நேரா புடிச்சி பாக்கறாங்க, "இது பெயிண்ட்டா, பைப்பா?"ன்னு. பயப்படாதீங்கன்னு சொல்லிட்டு பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுத்தோம், கார்டுல குடுத்த காசு தேதியோட அதுல இருக்கு, கடைக்காரர்கிட்ட கேட்டா இன்வாய்ஸ் காப்பியும் குடுத்தாரு. சட்டப்படி இந்த பேப்பரெல்லாம் 5 வருஷம் வெச்சிருக்கணும், அதனால பில்லு வாங்குன அன்னிக்கே போன்ல ஒரு போட்டோ எடுத்துடுங்க, டின்ன நம்பாதீங்க. இன்னொரு விஷயம், ஓட்டை பைப்ப மாத்தினது, செவுத்துக்கு பெயிண்ட் அடிச்சது, இதெல்லாம் ரிப்பேர், வாடகை வருமானத்துல கழிக்கலாம். ஆனா புதுசா ஒரு ஷவர் ரூம் கட்டியிருக்காரு பாருங்க (நான் குளிக்கறதே அதுலதான், நன்றிக்கடன் இருக்கு), அது இம்ப்ரூவ்மெண்ட், அத கழிக்க முடியாது. அங்கிள் ரெண்டையும் சேத்து போட்டுட்டாரு. அந்த பாகத்துல தப்பு அவர் மேலதான்.

(ஸ்கிரீன்ல: ரெண்டு ரோடு, பக்கத்து பக்கத்துல, ஒண்ணோட ஒண்ணு சேராம)

இப்பதான் முக்கியமான எடம், நெறைய பேர் விழறது இங்கதான். அசெஸ்மெண்ட் தப்புன்னா ஆப்ஜெக்‌ஷன் போடலாம், அதுக்கு 80 வேலை நாள் டைம், முன்ன 30தான் இருந்தது, 2023 மார்ச்ல மாத்தினாங்க, டிசம்பர் 16ல இருந்து ஜனவரி 15 வரைக்கும் உள்ள நாளுங்க இந்த கணக்குல சேராது. அங்கிளுக்கு டைம் இருந்தது, போட்டோம். போட்டு முடிச்சதும் அவர் கேட்டாரு, "அதான் ஆப்ஜெக்‌ஷன் போட்டாச்சே, இனி முடிவு வர்ற வரைக்கும் கட்ட வேணாம்ல?" கட்டணும் அங்கிள்! இந்த ஊர் சட்டம் 'மொதல்ல கட்டு, அப்புறம் வாதாடு'ங்கற ரகம். வாதாடறது ஒரு ரோடு, கட்டறது வேற ரோடு. ஆப்ஜெக்‌ஷன் அதுபாட்டுக்கு நிக்கும், வசூல் அதுபாட்டுக்கு ஓடும், வட்டியும் ஏறும்.

வசூல் ரோட்ட நிறுத்தணும்னா தனியா ஒண்ணு கேக்கணும், சஸ்பென்ஷன் ஆஃப் பேமெண்ட், டாக்ஸ் அட்மினிஸ்ட்ரேஷன் ஆக்ட்ல செக்‌ஷன் 164. இதுவும் ஈஃபைலிங்லயே இருக்கு. கேட்ட நாள்ல இருந்து அவங்க முடிவு சொல்லி 10 வேலை நாள் ஆகற வரைக்கும் பொதுவா வசூல்ல கை வெக்க மாட்டாங்க, நீங்க சொத்த மறைக்கறீங்கன்னு சந்தேகம் வந்தா தவிர. ஒழுங்கா ரிட்டர்ன் போட்ட ஆளா, கட்டினா நொடிஞ்சு போயிடுவீங்களா, இதெல்லாம் பாத்துதான் முடிவு பண்ணுவாங்க. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, நின்னது வசூல் மட்டும்தான், வட்டி நிக்காது, கடைசில தோத்தா அதையும் சேத்து கட்டணும்.

சரி, ஃபைனல் டிமாண்ட கண்டுக்காம விட்டா என்ன? உங்க பேங்குக்கோ, வேலை குடுக்கற கம்பெனிக்கோ சார்ஸ் ஒரு நோட்டிஸ் அனுப்பி, இவர் காச எங்களுக்கு குடுங்கன்னு சொல்லலாம், செக்‌ஷன் 179. கோர்ட்டுக்கு போகவே வேணாம். ஆனா ஃபைனல் டிமாண்ட் குடுத்து குறைஞ்சது 10 வேலை நாள் கழிச்சுதான் அது வரணும். அதுல முதல் 5 வேலை நாளுக்குள்ள நீங்க போய், வீட்டு செலவு, சாப்பாடு, பிள்ளைங்க படிப்பு இவ்ளோ ஆகுது, எடுக்கற தொகைய குறைங்கன்னு கேக்கலாம். அந்த 5 நாளதான் நம்மாளுங்க கைய பெசஞ்சிட்டே ஓட்டிடறாங்க.

உண்மையிலேயே பாக்கி இருக்கு, ஒரே தடவைல கட்ட முடியலன்னா தவணை கேக்கலாம், செக்‌ஷன் 167. போடாத பழைய ரிட்டர்ன் ஏதாவது இருந்தா மொதல்ல அத போட்டுட்டு வரணும். அங்கிளோட ஷவர் ரூம் பாகத்துக்கு இததான் பண்ணோம், அதுல சண்டை போட ஒண்ணுமில்ல. சுத்தமா முடியலன்னா காம்ப்ரமைஸ்னு ஒண்ணு இருக்கு, கொஞ்சம் தள்ளுபடி, ஆனா சொத்து, கடன், வருமானம் எல்லாத்தையும் விரிச்சு காட்டணும், லேசுல கிடைக்காது.

யார்கிட்ட போறது? டர்பன்ல பிராஞ்சுக்கு நேரா போய் நிக்காதீங்க, அப்பாயிண்ட்மெண்ட் போட்டுட்டு போங்க, போன்லயும் அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்கும். ஆள் வெச்சுக்கறதா இருந்தா ரிஜிஸ்டர் ஆன டாக்ஸ் ப்ராக்டிஷனரா, பிஆர்னு ஆரம்பிக்கற நம்பர் இருக்கான்னு கேளுங்க. "ரீஃபண்ட்ல எனக்கு இவ்ளோ பர்சென்ட்"னு மார்க்கெட்ல கடை விரிக்கறவங்ககிட்ட உங்க பாஸ்வேர்ட குடுத்துட்டு அப்புறம் அழாதீங்க. லிங்க்க க்ளிக் பண்ணி பேங்க் டீடெய்ல்ஸ் குடுன்னு வர்ற மெசேஜ் எதுவும் சார்ஸ் இல்ல.

சார்ஸ் உங்க விஷயத்த சரியா கவனிக்கலைன்னா மொதல்ல அவங்ககிட்டயே கம்ப்ளெய்ண்ட் போடுங்க, அதுக்கும் வழி பொறக்கலைனா டாக்ஸ் ஆம்பட், அதாவது சார்ஸ் மேல வர்ற புகார விசாரிக்கறவர். 2013ல ஜட்ஜ் பெர்னார்ட் இங்கோயெப்பேவ மொத ஆம்பட்டா போட்டு ஆரம்பிச்ச ஆபீஸ், ஃபீஸ் கிடையாது. நடைமுறைல தாமதம், பதில் இல்லாம இழுக்கறது, இதுக்குத்தான் அவங்க. சட்டமே அநியாயம்னு அங்க போய் பேச முடியாது.

முனிசிபாலிட்டி ரேட்ஸ், அதாவது சொத்து வரி பாக்கிய இதோட குழப்பிக்காதீங்க, அது டர்பன் முனிசிபாலிட்டியான இதேக்வினி, அதுக்கு அவங்க சிசகாலா சேவை சென்டருக்கு போகணும். பென்ஷனர்களுக்கு ரேட்ஸ்ல சலுகை உண்டு, ஆனா நீங்களா அப்ளை பண்ணணும். ஆன்ட்டிக்கு இது தெரியாது, இப்ப ஃபாரம் வாங்கி வெச்சிருக்காங்க.

அங்கிள் ஏன் அந்த லெட்டர திறக்கலன்னு கேட்டேன். "ஆத்தா சொல்லும், கவர்மெண்ட் கடுதாசி வந்தா காசு கேக்கத்தான் வரும்னு"ன்னாரு. அவங்க ஆத்தாவோட அப்பா இந்தியாவுல இருந்து கரும்புத்தோட்டத்துக்கு ஒப்பந்தத்துல வந்தவரு. 1895ல, அப்ப டர்பன ஆண்ட நேட்டால் அரசாங்கம் ஒப்பந்தம் முடிஞ்சும் இங்கயே தங்கினவங்க மேல வருஷத்துக்கு 3 பவுன் வரி போட்டது, 1913ல பெரிய ஸ்டிரைக் நடந்து 1914லதான் அத எடுத்தாங்க. அந்த பயம் இந்த வீட்டு சமையக்கட்டு வரைக்கும் வந்திருக்குன்னு எனக்கு அப்பதான் உறைச்சுது.

ஆப்ஜெக்‌ஷனுக்கு சார்ஸ் முடிவு சொல்ல 60 வேலை நாள். அங்கிள் ஃபிரிட்ஜ் மேல மாட்டியிருக்கற கோயில் காலண்டர்ல வேலை நாளுக்கு ஒரு கோடு போடறாரு. நேத்து சாயங்காலம் பாத்தேன், 41 ஆகியிருந்தது. பக்கத்துல புதுசா ஒரு ஃபைல், உள்ள பிளாஸ்டிக் கவர்ல பெயிண்ட் பில்லு மட்டும் தனியா. டின்ல இப்ப ஆன்ட்டி முறுக்கு போட்டு வெச்சிருக்காங்க.