சென்சார் மோப்பம் பிடிக்கிறது பெட்ரோலை இல்லீங்க

வணக்கம். என்னைக் கூப்பிட்டவங்க, கார் பத்தி ஏதாவது பேசுங்கன்னு சொன்னாங்க, ஏதாவதுன்னா எனக்கு வராதுங்க, எனக்கு இருக்கிறது ஒரே ஒரு பைத்தியம், எக்ஸாஸ்ட் பைப்புல திருகி வச்சிருப்பாங்களே ஆக்சிஜன் சென்சார், கட்டைவிரல் அளவுதான் இருக்கும், அது. வீட்ல இதைப் பத்தி பேச ஆரம்பிச்சா எழுந்து போயிடுறாங்க, நீங்க ரேடியோவ அணைக்கிறதுக்குள்ள விஷயத்தைச் சொல்லிடுறேன்.

இப்பல்லாம் நிறைய பேர் வண்டியோட கம்ப்யூட்டரைப் படிக்கிற ப்ளூடூத் ஓபிடி டப்பா, சின்னதா ஒண்ணு வாங்கி ஸ்டியரிங்குக்கு கீழ இருக்கிற போர்ட்ல சொருகி, போன்ல ஆப்ப திறந்து பாக்குறாங்க. நல்ல பழக்கம்தான். ஆனா அதுல ஏர் ஃபியூவல் ரேஷியோ, அதாவது காத்துக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம்னு 14.7, 14.6ன்னு அழகா நம்பர் வரும் பாருங்க, அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. நானும் ஏமாந்தவன்தான், அந்தக் கதை பின்னாடி வருது.

மொதல்ல இந்த 14.7. ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாம எரியணும்னா 14.7 கிலோ காத்து வேணும். காத்தை கிலோவுல சொன்னா யாருக்கும் மனசுல நிக்காது, லிட்டர்ல சொல்றேன், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு சுமாரா 9,000 லிட்டர் காத்து. நம்ம வண்டி பெட்ரோல் குடிக்குதுன்னு சொல்றோம், உண்மையில அது காத்தைத்தான் குடிக்குது, பெட்ரோல் தொட்டுக்க. காத்து கூடிப்போனா லீன், பெட்ரோல் கூடிப்போனா ரிச், மெக்கானிக் வாயில தினம் கேக்குற வார்த்தைங்க.

சரி, இந்த சென்சார் என்ன பண்ணுது? உள்ள சிர்கோனியான்னு ஒரு செராமிக், சின்ன தொப்பி மாதிரி. அதோட ஒரு பக்கம் புகை, இன்னொரு பக்கம் வெளிக்காத்து. ரெண்டு பக்கமும் ஆக்சிஜன்ல வித்தியாசம் இருந்தா ஒரு குட்டி பேட்டரி மாதிரி வோல்டேஜ் குடுக்கும், அதுவும் 300 டிகிரிக்கு மேல சூடானாத்தான், அதனால ஸ்டார்ட் பண்ணின உடனே வர்ற ரீடிங்க நம்பாதீங்க. ரிச்சா இருந்தா 0.9 வோல்ட் பக்கம், லீனா இருந்தா 0.1 பக்கம், நடுவுல 0.45. 1976லயே பாஷ் இதை வோல்வோ கார்ல கொண்டு வந்துட்டாங்க, அப்ப அது எவ்வளவு பெருமைன்னா கார் முன்னாடி கிரில்லயே லாம்டா சோண்ட்னு இந்த சென்சாரோட பேரை பேட்ஜ் அடிச்சு வச்சாங்க, இன்னிக்கு அதே சென்சார்கிட்ட செக் இன்ஜின் லைட் எரியும்போது மட்டும்தான் நமக்குப் பேச்சு.

இப்ப காதைக் கொடுத்து கேளுங்க. இந்த சாதா சென்சார் ஒரு தராசு மாதிரி. ஒரு தட்டுல பத்து கிராம் கூடுனாலும் தட்டு தொப்புன்னு கீழ போயிடும், ஒரு கிலோ கூடுனாலும் அதே இடத்துலதான் கீழ உக்காந்திருக்கும். எந்தப் பக்கம் கனம்னு சொல்லும், எவ்வளவு கனம்னு சொல்லாது. அப்புறம் எப்படி ஆப்ல 13.2ன்னு காட்டுதுன்னு கேப்பீங்க. பல ஆப்ல அது இன்ஜின் கம்ப்யூட்டர் "இவ்வளவு இருக்கணும்"னு கேட்ட அளவு, இருக்கிற அளவு இல்ல. நான் கடைக்கு எழுதிக் குடுத்த சீட்டை படிச்சிட்டு பையில எல்லாம் வந்துடுச்சுன்னு சொல்ற மாதிரி.

அதனால இந்த சென்சார் இருக்கிற வண்டியில ரேஷியோவ விட்டுட்டு வோல்டேஜைப் பாருங்க. 0.1, 0.8, 0.2, 0.7ன்னு தூளி மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும், பாக்குறவங்க பயந்துடுறாங்க, "சென்சார் போச்சுண்ணே, ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது"ன்னு. அய்யா, ஆடுனாத்தான் அது உயிரோட இருக்கு! கம்ப்யூட்டர் கொஞ்சம் பெட்ரோல் கூட்டும், சென்சார் ரிச்னு சொல்லும், உடனே குறைக்கும், லீன்னு சொல்லும், மறுபடி கூட்டும், இப்படியே போய்க்கிட்டிருக்கும். ஆடாம நின்னாத்தான் கவலைப்படணும். இன்னொண்ணு, ஆப்ல இருபது மீட்டர வரிசையா திறந்து வைக்காதீங்க, அந்த டப்பா ஒவ்வொண்ணா கேட்டு வாங்கி வர்றதுக்குள்ள ரெண்டு ஆட்டம் தவறிப்போயிருக்கும். ரெண்டு மூணு போதும்.

இப்ப என் கதை. என் பழைய கார், ஐடில்ல லேசா ஒரு குலுக்கல், மைலேஜ் சரிஞ்சு போச்சு. ஸ்கேனர் போட்டா சிஸ்டம் லீன்னு ஒரு எரர் கோட். ஃபியூவல் ட்ரிம்னு ஒரு நம்பர் இருக்கு, வழக்கமா ஊத்துறதை விட கம்ப்யூட்டர் எவ்வளவு சதவீதம் கூட்டுது குறைக்குதுன்னு காட்டும், அது ப்ளஸ் 22ல நிக்குது. அதாவது பெட்ரோல் பத்தல பத்தலன்னு அள்ளி ஊத்துது. ஒரு மெக்கானிக், பெட்ரோலைப் பீச்சுற இன்ஜெக்டரைக் கழட்டி க்ளீன் பண்ணினாரு. அப்புறம் சென்சாரையே மாத்தினாரு. புது சென்சாரும் அதே லீன். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, ஏன்னா சைலன்சர் பக்கம் குனிஞ்சா பச்சை பெட்ரோல் வாடை கண்ணை எரிக்குது. பெட்ரோல் பத்தலன்னா வாடை எங்கேர்ந்து வருது? ஒண்ணு மூக்கு பொய் சொல்லணும், இல்ல சென்சார் பொய் சொல்லணும்.

ரெண்டும் பொய் சொல்லலங்க. சென்சார் பெட்ரோலைப் பாக்கவே இல்ல! அதுக்குத் தெரிஞ்சது ஆக்சிஜன் மட்டும்தான். நாலு சிலிண்டர்ல ஒண்ணு தீப்பிடிக்காம, மிஸ்ஸிங் ஆகுதுன்னு சொல்வோமே, அப்ப அந்த சிலிண்டர் காத்தும் எரியாம, பெட்ரோலும் எரியாம ரெண்டும் அப்படியே பைப்புக்குள்ள வருது. எரியாத பெட்ரோலை என் மூக்கு பிடிச்சிடுச்சு, எரியாத காத்தை சென்சார் பிடிச்சிடுச்சு. ஐயோ ஆக்சிஜன் மிச்சம் இருக்கே, லீன்னு அது கத்த, கம்ப்யூட்டர் அதை நம்பி இன்னும் ஊத்த, ஊத்துனதும் எரியாம வர... மைலேஜ் எங்க போச்சுன்னு இப்ப தெரியுதா?

மறுநாள் நானே ரெண்டாவது சிலிண்டர் காயிலை, அதாவது பிளக்குக்கு மின்சாரம் குடுக்கிறதை, கழட்டி மூணாவதுல மாட்டி, மூணாவதை ரெண்டுல மாட்டினேன். மொதல்ல ரெண்டாவது பிளக் கழட்டினப்ப கருப்பா ஈரமா இருந்துச்சு, காயிலை மாத்தி கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து பாத்தா மூணாவது பிளக் ஈரம். காயில்தான்! அடிப்பக்க ரப்பர்ல தலைமுடி மாதிரி ஒரு வெடிப்பு. ஒரு காயில் மாத்தினேன், ட்ரிம் ரெண்டு நாள்ல ப்ளஸ் 3க்கு இறங்கி வந்துச்சு. கழட்டிப் போட்ட பழைய சென்சார் நல்ல சென்சார், இன்னும் டிராயர்ல வச்சிருக்கேன், தூக்கிப் போட மனசு வரல.

அதனாலதான் திரும்பத் திரும்ப சொல்றேன், அது மோப்பம் பிடிக்கிறது ஆக்சிஜனை. சென்சாருக்கு முன்னாடி, இன்ஜின்லேர்ந்து புகை வெளிய வர்ற மேனிஃபோல்ட்ல ஒரு சின்ன ஓட்டை இருந்தா வெளிக்காத்து உள்ள நுழைஞ்சு அதே பொய் லீன் வரும், காலையில ஸ்டார்ட் பண்ணினதும் டிக் டிக்னு சத்தம் கேட்டு, சூடானதும் சத்தம் நின்னா அங்க பாருங்க. நிஜமாவே லீனா இருந்தா ட்ரிம்மே வழி காட்டும். ஐடில்ல ப்ளஸ் 20, ஆக்சிலேட்டர் கொடுத்து 2,500 ஆர்பிஎம்ல வச்சா கிட்டத்தட்ட சரியாயிடுதுன்னா, எங்கயோ வேக்கம் ஹோஸ், இன்ஜின் உறிஞ்சுற பக்கம் இருக்கிற ரப்பர் குழாய், ஓட்டையாகி காத்தை இழுக்குது. ஐடில்ல நல்லா இருந்து, மேடு ஏறும்போது ஏறுதுன்னா பம்ப், ஃபில்டர், இல்ல காத்தை அளக்கிற மாஸ் ஏர் சென்சார் அழுக்கு. பத்து சதவீதம் வரைக்கும் நான் கண்டுக்க மாட்டேன், அதுக்கு மேலன்னா தேட ஆரம்பிப்பேன்.

சென்சார் நல்லாயிருக்கான்னு காசில்லாம பாக்க ஒரு வழி. வண்டி கியர்ல ஓடும்போது ஆக்சிலேட்டரை சுத்தமா விடுங்க, கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திடும், வெறும் காத்து போகும், வோல்டேஜ் சடார்னு பூஜ்யத்துக்கிட்ட இறங்கணும். போனை நீங்க பாக்காதீங்க, பக்கத்துல இருக்கிறவங்க பாக்கட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு விரல் காட்டுறாங்க, ரெண்டு நிமிஷமாம். வைட்பேண்ட் பத்தித்தான் நிறைய பேசணும்னு எழுதிட்டு வந்தேன், ஓடிக்கிட்டே சொல்றேன். புது வண்டிகள்ல புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டருக்கு முன்னாடி பெரும்பாலும் வர்றது வைட்பேண்ட்னு இன்னொரு வகை சென்சார், அது எவ்வளவு லீன், எவ்வளவு ரிச்னும் சொல்லும், வோல்டேஜ் ஆடாது, லாம்டான்னா இருக்கிற காத்தை தேவையான காத்தால வகுத்த நம்பர், அது 1ன்னு காட்டுனா சரியான கலவை. லாம்டாவையே பாருங்க, பெட்ரோல்ல எத்தனால் கலந்தா 14.7 மாறிடும், லாம்டா 1 மாறாது. டொயோட்டா சில மாடல்ல பொது ஸ்கேனர் 0.66 வோல்ட்னு ஒரே இடத்துல காட்டும், ரிச்சுன்னு குதிக்காதீங்க, நிஜ வோல்டேஜ் 3.3, அதை அஞ்சால வகுத்து அனுப்புது, அங்க அதுதான் சரியான கலவை. ஃபுல் ஆக்சிலேட்டர்ல சாதா சென்சார் 0.88, 0.9ன்னு காட்டுறத வச்சு டியூனிங் பண்ணாதீங்க, தராசு தட்டு கீழ உக்காந்திருக்கு அவ்வளவுதான். கன்வெர்ட்டருக்கு அப்புறம் இருக்கிற ரெண்டாவது சென்சார் மட்டும் ஆடக் கூடாது, அதுவும் முன்னாடி இருக்கிறது மாதிரியே ஆட ஆரம்பிச்சா கன்வெர்ட்டர் தேஞ்சுது, ஆனா அது விலை ஜாஸ்தி, மாத்துறதுக்கு முன்னாடி மிஸ்ஸிங் இருக்கா, லீக் இருக்கான்னு... சரி சரி, சிவப்பு லைட் போட்டுட்டாங்க, வணக்கம்.