கொக்கோ விலையும் ஆட்சிக் கணக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

ஏழை நாடுகளின் அரசுகளுக்குப் பொருளாதாரம் தெரியவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாட்டைக் கெடுக்கும் கொள்கை ஒன்று பல ஆண்டுகள் நீடிக்கிறதென்றால், அதனால் ஆதாயம் பெறுகிறவர்கள் ஆட்சிக்கு வெகு அருகில் இருக்கிறார்கள் என்று பொருள். மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவில் விளையும், சாக்லேட்டின் மூலப்பொருளான கொக்கோவை வைத்து இதைப் பார்ப்போம்.

பிரிட்டிஷ் ஆட்சியின்போது, 1947-இல், அங்கே கொக்கோ சந்தை வாரியம் அமைந்தது. விவசாயி வாரியத்துக்குத்தான் விற்க வேண்டும். உலக விலை ஏறும்போது மிச்சம்பிடித்து, இறங்கும்போது விவசாயியைத் தாங்கிப்பிடிப்பதே நோக்கம் என்றார்கள். 1954-இல் உலக விலை மிக உயர்ந்திருந்த நேரத்தில், அப்போதைய பிரதமர் நுக்ருமாவின் அரசு 60 பவுண்டு எடையுள்ள சுமைக்கு 72 ஷில்லிங் என நான்கு ஆண்டுகளுக்கு விலையைக் கட்டிப்போட்டது. மிச்சப் பணம் அரசுச் செலவுக்குப் போயிற்று. அசாந்தே பகுதியில் அந்தக் கோபத்திலிருந்தே ஓர் எதிர்க்கட்சி கிளம்பியது.

விவசாயி மீது கைவைப்பது ஏன் எளிது? கொக்கோக் கன்று காய்க்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். பிறகு இருபது, முப்பது ஆண்டுகள் பலன் தரும். விலை குறைந்ததென்று நட்ட மரத்தை யாரும் பிடுங்கிப்போட மாட்டார்கள். ஆகவே விலையைக் குறைத்த பிறகும் சில ஆண்டுகள் காய் வந்துகொண்டே இருக்கும், கருவூலமும் நிறையும். மருந்தடிக்காத தோட்டமும், புதுக்கன்று நடாத நிலமும் கணக்கில் தெரிவதற்குள் ஆட்சியே மாறியிருக்கும். நகரத்தில் உணவு விலை ஏறினாலோ உடனே தெருவில் கூட்டம் திரண்டுவிடும். இரண்டில் எதற்கு அரசு அஞ்சும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய வரி எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் எழுதப்படவில்லை. அதுதான் நாணய மாற்று விகிதம். கானாவின் நாணயத்துக்குப் பெயர் செடி (cedi). 1978 முதல் 1983 வரை அரசு விகிதம் டாலருக்கு 2.75 செடி. ஒரு டன் 2,000 டாலருக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரியத்தின் கைக்கு வருவது 5,500 செடி. அதில் வரியும் வாரியச் செலவும் போக மீதிதான் விவசாயிக்கு. கறுப்புச் சந்தையில் அதே டாலருக்குப் பல மடங்கு செடி கிடைத்தது. இறக்குமதி லைசென்ஸ் வைத்திருந்தவரோ 2.75 செடிக்கு டாலர் வாங்கி, கொண்டுவந்த சரக்கைக் கறுப்புச் சந்தை விலைக்கு விற்க முடிந்தது. அந்த லைசென்ஸ் யாருக்கு என்பதை முடிவு செய்தது அரசு. அதாவது, விவசாயியின் வருமானம் ஆதரவாளர்களுக்கான கூலியாக மாறியது.

விகிதத்தைத் திருத்தினால் என்ன ஆகும்? 1971 டிசம்பரில் பிரதமர் பூசியாவின் அரசு செடியின் மதிப்பைக் கடுமையாகக் குறைத்தது. 1972 ஜனவரியில் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. புதிய ஆட்சி முதல் வேலைகளில் ஒன்றாக அந்த மதிப்பை ஓரளவு ஏற்றியது. அதன் பிறகு வந்தவர்கள் எதைக் கற்றுக்கொண்டிருப்பார்கள்?

1960-களின் நடுவில் ஐந்து லட்சம் டன்னைத் தாண்டிய விளைச்சல், 1983-84 பருவத்தில் சுமார் 1.6 லட்சம் டன்னாகச் சரிந்தது. வறட்சியும் காட்டுத்தீயும் அதில் பங்கு வகித்தன. ஆனால் சரிவு அவற்றுக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. எல்லை தாண்டி ஐவரி கோஸ்டுக்கு மூட்டைகள் கடத்தப்பட்டன. 1983-இல் ராணுவ ஆட்சியாளர் ராலிங்ஸின் அரசு நாணய விகிதத் திருத்தத்தைத் தொடங்கியது. 1986-இல் விகிதம் டாலருக்கு 90 செடி. கொள்முதல் விலை உயர, விளைச்சலும் மெல்ல மீண்டது. பங்கிட்டுக் கொடுக்கக் கருவூலத்தில் எதுவும் மிஞ்சாததால்தான் அந்தத் திருத்தம் அரசியல்ரீதியாகச் சாத்தியமாயிற்று என்பது என் கணிப்பு.

தென் ஆப்பிரிக்காவை ஒட்டிய போட்ஸ்வானாவில் நிலைமை வேறு. அங்கே ஆட்சியில் இருந்தவர்களில் பலர் கால்நடை வைத்திருந்தவர்கள். மாட்டிறைச்சி ஏற்றுமதிதான் அவர்கள் வருமானம். ஏற்றுமதியை நசுக்கினால் அவர்கள் பையில்தான் ஓட்டை விழும். 1967-இல் கனிம உரிமை குலங்களிடமிருந்து அரசுக்கு மாற்றப்பட்டது. ஒராப்பாவில் அதே ஆண்டு வைரம் கண்டறியப்பட்டது ஜனாதிபதி செரட்சே காமாவின் சொந்தக் குலத்து நிலத்தில்.

இனி, எங்கே திருத்த முடியும்? உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை, தொடக்கப் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கைப்படி அரசு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதமே பள்ளிகளைச் சேர்ந்தது என்று ஓர் ஆய்வு காட்டியது. பெரும்பகுதி மாவட்ட நிர்வாகத்திலேயே நின்றுவிட்டது. பிறகு அரசு ஒவ்வொரு மாதமும் அனுப்பிய தொகையைச் செய்தித்தாளில் வெளியிட்டது. பள்ளிகளிலும் ஒட்டச் சொன்னது. சில ஆண்டுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் போய்ச் சேர்ந்தது. மற்றச் சீர்திருத்தங்களும் அப்போது நடந்தன, ஆகவே முழுப் பெருமையும் செய்தித்தாளுக்கு இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒரு மாணவருக்கு இவ்வளவு என்ற நிலையான தொகை இருந்ததால், எந்தப் பெற்றோரும் பெருக்கிப் பார்த்துக் கேட்க முடிந்தது. சாலை ஒப்பந்தத்தில் அப்படிப் பெருக்க எதுவும் இல்லை. தார் எத்தனை அங்குலம் போட்டார்கள் என்று தோண்டிப் பார்க்க ஒரு பொறியாளர் வேண்டும், அவர் ஒப்பந்ததாரருக்குக் கடமைப்படாதவராகவும் இருக்க வேண்டும்.