அட்டையில் சுத்தமாக ஓட்டை போடும் பாயிண்ட் 32

வணக்கம். முதலில் இந்த அட்டையைப் பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வருகிறேன். நேற்று துப்பாக்கி சுடும் கிளப்பில் 25 மீட்டர் தள்ளி வைத்துச் சுட்ட இலக்கு அட்டை. ஓட்டை ஒவ்வொன்றும் ஆபீஸ் பஞ்சிங் மெஷினால் குத்தியது மாதிரி இருக்கிறதா? ஓரத்தில் பிசிறே இல்லை. அவை எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்று மட்டும் ரொம்ப ஆராயாதீர்கள்.

இது பாயிண்ட் 32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டாவின் வேலை. பாயிண்ட் 32 என்பது குண்டின் குறுக்களவை அங்குலத்தில் ஏறக்குறையச் சொல்லும் பெயர். இந்தப் பேச்சை எடுத்தாலே, "அதில் என்ன சார் பவர் இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். சரி, கணக்கைப் பார்த்துவிடுவோம். குண்டின் எடை 98 கிரெயின், அதாவது ஆறரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. வேகம் விநாடிக்குச் சுமார் 215 மீட்டர். ஒலியே 340 மீட்டர் போகிறது! ஆற்றல் 150 ஜூலை எட்டாது. பாயிண்ட் 38 ஸ்பெஷல் என்றால் 270 பக்கம் வரும். இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். ரைபிளில் சுடும் சாதாரண பாயிண்ட் 22 தோட்டாவின் ஆற்றலும் ஏறக்குறைய இதே அளவுதான்.

இதற்குக் காரணம் வயது. 1878இல் வந்த குட்டையான பாயிண்ட் 32 தோட்டாவை நீட்டி, 1896இல் இதைக் கொண்டு வந்தார்கள். அதே காலத்தில் நியூயார்க் போலீஸ் கமிஷனராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், பின்னால் ஜனாதிபதி ஆனாரே அவர்தான், தன் போலீஸ்காரர்களுக்கு கோல்ட் என்ற துப்பாக்கிக் கம்பெனியின் பாயிண்ட் 32 ரிவால்வரைத் தேர்ந்தெடுத்தார். எதிர்க்கடைக்காரனான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் பெயரைத் தன் துப்பாக்கியில் பொறிக்க கோல்ட்டுக்கு மனம் வருமா? குண்டின் மூக்கைக் கொஞ்சம் தட்டையாக்கி, 'கோல்ட் நியூ போலீஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் இன்னும் பலரிடம் இருக்கின்றன. அவை வெடித்துவிடக் கூடாது என்பதால், சுடும்போது இந்தத் தோட்டாவுக்குள் எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டோடு நிற்கிறது. இதே குறுக்களவுள்ள குண்டை வைத்து 2008 வாக்கில் வந்த பாயிண்ட் 327 பெடரல் மேக்னம் தோட்டாவுக்கு 45,000! அதனால் 32 என்ற அளவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நம் நாட்டில் பாயிண்ட் 38, 9 எம்எம் இரண்டும் சாதாரண லைசென்ஸுக்குக் கிடைக்காது. அதனால் ரிவால்வர் என்றாலே பெரும்பாலும் 32தான். பெண்களுக்கென்று 2014இல் கான்பூரிலிருந்து வந்த அரை கிலோ 'நிர்பீக்' ரிவால்வர் இதைத்தான் சுடும். 2023இல் வந்த 'பிரபல்' ரிவால்வரும் இதைத்தான். அதை 50 மீட்டர் ரிவால்வர் என்று விளம்பரப்படுத்தினார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம். குழலை மட்டமாக வைத்துச் சுட்டால் 25 மீட்டர் போவதற்குள் குண்டு ஏழு சென்டிமீட்டர் அளவு இறங்கும். 50 மீட்டரில் ஒரு சாணுக்கும் மேலே இறங்கிவிடும். குட்டைக் குழலில் வேகம் இன்னும் குறையும். குண்டு அங்கே போய்ச் சேரும், சரி. அங்கே எதன் மீது படும் என்பதுதான் கேள்வி.

ஆனால் 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டிக்கு, அதாவது அடிப்பகுதியின் நடுவில் அடித்தால் வெடிக்கும் தோட்டாக்களுக்கான கைத்துப்பாக்கிப் போட்டிக்கு வாருங்கள், இந்தச் சாதுத் தோட்டாதான் ராஜா. அங்கே வாட்கட்டர் குண்டு போடுவார்கள். மூக்கே இல்லாத உருளை, முகம் தட்டை, வெடிமருந்து இருக்கும் உறையின் வாயோடு சமமாக உட்கார்ந்திருக்கும். கூர்மூக்குக் குண்டு பேப்பரைக் கிழித்துக்கொண்டு போகும். இது வெட்டி எடுக்கும். கோட்டைத் தொட்டாலே மேல் மார்க் கிடைக்கும் விளையாட்டில், ஓட்டையின் ஓரம் தெளிவாகத் தெரிந்தால்தான் சண்டை வராது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் நம் வீரர் ஜஸ்பால் ராணா 600க்கு 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது இந்தப் போட்டியில்தான்.

உதைப்பு குறைவு என்பதும் பெரிய விஷயம். முதல் முறை சுட்டபோது சினிமாவில் பார்த்ததை நினைத்துத் தோளை இறுக்கிக்கொண்டு நின்றேன். 'டப்' என்றது. இவ்வளவுதானா என்று கோச் முகத்தைப் பார்த்தேன். அவர் அட்டையைக் காட்டினார். வராத உதைப்புக்குப் பயந்து கையை அழுத்தியதில் ஐந்தும் கீழே இறங்கியிருந்தன.

அடுத்த ஞாயிறு இதே போட்டியின் ரேபிட் பிரிவு, அதாவது வேகமாகச் சுடும் பகுதி. அட்டை மூன்று விநாடிதான் முகம் காட்டும், அதற்குள் ஒரு குண்டு போக வேண்டும். அந்த அட்டையை உங்களுக்குக் காட்டுவதா வேண்டாமா என்பதைச் சுட்ட பிறகு முடிவு செய்கிறேன்.